ஈரமே இல்லாத ஓட்டை

மழைக்காலம் முடிந்து நண்பரின் படகை மும்பை வெர்சோவாவில் மறுபடி தண்ணீரில் இறக்கினோம். நல்ல தண்ணீர் பம்பை நான்தான் மாட்டினேன். 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப். குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் அழுத்தம் ஏறி நிற்க வேண்டும். இது நிற்கவே இல்லை. குழாய் தண்ணீரும் காற்றுமாகத் துப்பியது.

முதலில் வயரைச் சந்தேகப்பட்டேன். பம்ப் ஓடும்போதே அதன் முனையில் அளந்தேன்: 12.3 வோல்ட். சரிதான். அப்புறம், அழுத்தம் ஏறியதும் பம்பை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச். லோஹார் சால் கடைத்தெரு வரை போய்ப் புதிது வாங்கி மாட்டினேன். ஒரு நாளும் காசும் போனதுதான் மிச்சம். எல்லா கிளாம்பையும் முறுக்கினேன். டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லை.

நான்காம் நாள், தாராவியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஃபோனில் கேட்டார்: "உறிஞ்சுற பக்கம் ஓட்டை இருந்தா தண்ணி எப்படி தம்பி வெளிய வரும்? காத்துதான் உள்ள போகும்."

டேங்க் தரைப்பலகைக்கு அடியில், பம்ப் மேலே; தண்ணீரை உறிஞ்சித்தான் எடுக்கிறது. அட, ஆமாம்! டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து ஒரு துண்டு ஹோஸை நேரே வாளியில் விட்டேன். சில நொடியில் சீரான ஓட்டம். குழாயை மூடியதும் நின்றது. வடிகட்டியை நடுவில் சேர்த்ததும் அதன் கண்ணாடி போன்ற கிண்ணத்துக்குள் ஊசிமுனைக் குமிழிகள். மழைக்காலத்தில் கழுவி மூடியபோது மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் ஒரு மணல் துகள் உட்கார்ந்திருக்கிறது. துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவி, கையாலேயே இறுக்கினேன். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். கழற்றிய பழைய சுவிட்ச், நன்றாக இருந்ததுதான், உதிரியாக டிராயரில் கிடக்கிறது.