கல்யாண மேளம் பேசும்போது தொகையில் எது அடங்கும், எது அடங்காது

"மேளத்துக்கு எவ்வளவு?" என்று எடுத்த எடுப்பிலே கேட்டால் மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். அதை வைத்து இன்னொரு குழுவோடு ஒப்பிட முடியாது. எத்தனை பேர், எத்தனை வேளை என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

முழு செட் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் போட ஒருவர், ஆக ஐந்து பேர். சுருதிக்காக ஒத்து என்ற குழலை ஊத இப்போது பெரும்பாலும் ஆள் வருவதில்லை, சுருதிப்பெட்டிதான். ஒரு நாதஸ்வரம், ஒரு தவில் என்ற சின்ன செட்டும் உண்டு. நிச்சயதார்த்தத்துக்கு அது போதும். முகூர்த்தத்துக்கு வேண்டாம். ஒருவர் மூச்சு வாங்கும்போது எடுத்து வாசிக்க இன்னொருவர் இல்லையென்றால் நடுநடுவே மேளம் நின்றுவிடும்.

முந்தின நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு ஒரு வேளை, மறுநாள் காலை முகூர்த்தம் ஒரு வேளை. நலங்கு இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சொன்னால் தனிக் காசு.

கணக்கு இப்படிப் போடலாம். ஒரு குழு ஐந்து பேர், இரண்டு வேளை, வேனும் சேர்த்து 30,000 ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஆளுக்கு வேளைக்கு 3,000. இன்னொரு குழு அதே இரண்டு வேளைக்கு நான்கு பேருக்கு 22,000தான் கேட்கிறது, ஆனால் வேன் வாடகை 6,000 உங்கள் தலையில். ஆளுக்கு வேளைக்கு 3,500 ஆகிவிடுகிறது. பெயர் பெற்ற வித்வானுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பெரும்பங்கு அவருக்குத்தான். அவரே வருவாரா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய முகூர்த்த நாளில் ஒரே குழு இரண்டு மூன்று செட்டாகப் பிரிந்து போவது சகஜம்.

வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் பேரம் எடுபடாது. விடியற்காலை முகூர்த்தம், குழு வெளியூர் என்றால் இரவு தங்க அறையும் சாப்பாடும் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கோயிலில் கல்யாணம் என்றால் வெளி மேளம் வாசிக்க விடுவார்களா என்று அலுவலகத்தில் விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். சில மண்டபங்களிலும் அவர்கள் சொல்லும் மேளத்தைத்தான் வைக்க வேண்டும். பேசிய விவரம் முழுவதையும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி, சரி என்று பதில் வாங்கிவிடுங்கள்.

மேளக்காரர்கள் உட்காரும் இடத்திலிருந்து மணவறை தெரிய வேண்டும். வீடியோக்காரர்கள் குறுக்கே நின்று மறைத்தால் வாத்தியார் கை காட்டுவது தெரியாது, கெட்டிமேளம் பிந்தும். தவிலுக்குப் பக்கத்தில் மைக் வைத்தால் மந்திரமும் கேட்காது, பேச்சும் கேட்காது.

மீதித் தொகையைக் கவரில் போட்டு, வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கோடு முந்தின இரவே ஒரு பங்காளியிடம் கொடுத்து வையுங்கள். காலையில் பெண்ணின் அப்பா மணையில் இருப்பார். அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டிய மேளக்காரர் வாசலில் காத்திருப்பார்.