எல்லா ரெஸ்னிக்கும் பங்காளி இல்லை: வம்சாவளி தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேட வரும் புதியவர்களைப் பார்க்கிறேன், நான் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். தேதிக் குழப்பம் மாதிரியான சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன், அவை தானாகச் சரியாகும்.

ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம்

ரெஸ்னிக் என்ற குடும்பப்பெயர் ஒரு தொழிலிலிருந்து வந்தது. யூத சமய விதிப்படி ஆடு, மாடு, கோழி அறுப்பவர் எபிரேயத்தில் ஷோஹேத், ஸ்லாவிய மொழிகள் பேசும் ஊர்களில் ரெஸ்னிக். அவர் இல்லாவிட்டால் அங்குள்ள யூதர்களுக்குக் கறி கிடையாது என்பதால் பல ஊர்களில் ஒருவராவது இருந்தார். நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்று ரஷ்யப் பேரரசு 1804இல் சட்டம் போட்டபோது, அதுவரை ‘யாக்கோபு மகன் மோசே’ என்றே காலத்தை ஓட்டியவர்கள் ஊருக்கு ஊர் தனித்தனியாக இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். உக்ரைனின் பெர்திச்சேவ் ரெஸ்னிக்கும் பெலாரஸின் மின்ஸ்க் ரெஸ்னிக்கும் சொந்தமாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒருவர் உக்ரைன் கிளை ஒன்றையும் பெலாரஸ் கிளை ஒன்றையும் ஒட்டி ஒரே மரமாக்கி, ரஷ்யக் கையெழுத்துப் பதிவுகளை மொழிபெயர்க்கக் காசைக் கொட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். கல்லறைப் படங்களைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்தால் ஒரு கிளையின் மூத்தவர் கல்லில் ஆசி வழங்கும் இரு கைகள், அதாவது கோஹென் என்ற குருக்கள் வம்சம். மற்றவர் கல்லில் தண்ணீர்க் கூஜா, அதாவது கோயில் பணிசெய்த லேவியர் வம்சம். இரண்டுமே தகப்பன் வழியில் இறங்கும் அடையாளங்கள், ஒரே ஆண்வழியில் இரண்டும் வராது. “டிஎன்ஏ உறவு காட்டுகிறதே” என்றார். அஷ்கெனாசி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள், நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணமுடித்தவர்கள், அங்கே முன்பின் தெரியாத இருவருக்குக்கூட டிஎன்ஏ கொஞ்சம் ஒத்துப்போகும், அதனால் தூரத்து உறவும் கிட்டத்து உறவாகத் தெரியும். பங்காளியா என்று பார்க்க ஆண்வழிக்கான ஒய் டிஎன்ஏ சோதனை இருக்கிறது. கல்லைப் பார்க்கக் காசே ஆகாது, அதையும் செய்யாமல் மரத்தை ஊர் ஊராக வளர்த்தால் எனக்கு எரிச்சல் வராதா, சொல்லுங்கள்.

எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள்

அமெரிக்காவில் குடியேற வந்தவர்களை நியூயார்க்கில் பரிசோதித்த இடம் அது. அங்கே யாரும் பெயரை மாற்றவில்லை. கப்பல் ஏறும் துறைமுகத்தில் எழுதிய பட்டியலை வைத்துத்தான் அங்கே சரிபார்த்தார்கள்; பெரும்பாலானவர்கள் பின்னால் தாங்களே மாற்றிக்கொண்டார்கள்.

பெயரை வைத்து மதத்தை முடிவுசெய்வது

செக் மொழியில் இதே சொல்லுக்குச் சாதாரணக் கசாப்புக்காரர் என்றுதான் பொருள். அங்கே கிறிஸ்தவர்களுக்கும் இந்தப் பெயர் உண்டு.

1804க்கு முன்னாலும் குடும்பப்பெயரைத் தேடுவது

தகப்பன் பெயரைத் தேடுங்கள்.

ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவது

ஆங்கிலத்தில் மட்டுமே மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். போலிஷ் எழுத்துமுறையில் தொடக்கமே ஆர், இசட் என்று வரும், பெயரை ஒலியை வைத்துத் தேடும் சாதாரண சவுண்டெக்ஸ் முறை அங்கே கோட்டைவிடும். ஸ்லாவியப் பெயர்களுக்கும், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிப் பெயர்களுக்கும் என்றே 1985இல் வந்த டைச்-மொகோடாஃப் முறையைப் பயன்படுத்துங்கள். அப்புறம் ஷெக்டர், ஷோஹெட், ஷுப் எல்லாம் இதே தொழிலின் பெயர்கள்தான், ஆனால் ஒலியை வைத்துத் தேடும் முறைகள் அவற்றை ரெஸ்னிக்கோடு சேர்த்துக் காட்டாது, தனித்தனியாகத்தான் தேட வேண்டும்.