வீட்டு ஸ்டுடியோவில் ரூம் கரெக்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கென்று ஒதுக்கி, ஆடியோ இன்டர்ஃபேஸும் ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர்களும் வாங்கி வைத்தவர்கள் அடுத்ததாகத் தேடிப் போவது பெரும்பாலும் ரூம் கரெக்ஷன் மென்பொருளைத்தான். சோனார்வொர்க்ஸ் நிறுவனத்தின் சவுண்ட்ஐடி ரெஃபரன்ஸ், ஐகே மல்டிமீடியாவின் ஆர்க் ஆகியவை இந்த வகையில் பலரும் அறிந்தவை. நாம் அமரும் இடத்தில் ஸ்பீக்கரின் ஒலி எப்படி வந்து சேர்கிறது என்பதை அளவீட்டு மைக் மூலம் அளந்து, மிகையாக ஒலிக்கும் அதிர்வெண்களைக் குறைத்தும், தாழ்ந்திருப்பவற்றைச் சற்று உயர்த்தியும் ஸ்பீக்கருக்கு அனுப்புவதே இவற்றின் வேலை. அளவறிந்து பயன்படுத்தினால் மிகவும் உதவும் கருவி இது. எதைச் செய்யும், எதைச் செய்யவே செய்யாது என்ற தெளிவில்லாமல் பயன்படுத்தினால், மிக்ஸ், அதாவது பதிவான ஒலித்தடங்களை ஒன்றாகக் கலக்கும் வேலை, முன்பைவிடக் கெட்டுப்போவதும் உண்டு.

முதலில் களைய வேண்டியது ஓர் அடிப்படைத் தவறான புரிதல். ரூம் கரெக்ஷன் நாம் கேட்பதை மட்டுமே திருத்துகிறது. மைக் பதிவு செய்வதை அது தொடுவதே இல்லை. பாடகரின் குரலோடு சேர்ந்து அறையின் எதிரொலியும் பதிவாகி, டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்டால், அதற்கு இந்த மென்பொருளில் எந்த மருந்தும் கிடையாது. பாடுபவருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் கனமான போர்வைகளையோ பஞ்சு மெத்தைகளையோ நிறுத்துவதும், மைக்கை வெறும் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும்தான் அங்கே பலன் தரும். குரல் பதிவுக்காக மட்டும் ரூம் கரெக்ஷன் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை அறைக்குச் செலவிடுவது நல்லது.

அடுத்து, அறை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மற்றத் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன. நம் வீடுகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். சிமென்ட் பூசிய சுவர்கள், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. எதிரெதிரான இரு சுவர்களுக்கிடையே ஒலி போய்த் திரும்பும்போது, அந்த இடைவெளியின் இரு மடங்கு அலைநீளம் கொண்ட அதிர்வெண்ணில் நிலையலை, அதாவது சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் அடங்கியும் அசையாமல் நிற்கும் அலை, உருவாகிறது. ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்தடிக்கு, அதாவது 3.05 மீட்டருக்கு, இது சுமார் 56 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 112, 169 ஹெர்ட்ஸிலும் இதே நிலைதான். கூரையும் பத்தடி உயரத்தில் இருந்துவிட்டால், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அதிர்வெண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஒலிப்பதிவுக்குக் கனசதுர அறையைவிட மோசமான வடிவம் இல்லை என்று சொல்லப்படுவது இதனால்தான்.

பேஸ் கிட்டாரில் திறந்த ஏ தந்தியின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். மேற்சொன்ன அறையில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும், சுவரோரம் அமர்ந்து கேட்டால் அறையே அதிர்வது போல முழங்கும். அறையின் நடுவில் அமர்ந்து கேட்டால் கிட்டத்தட்டக் காணாமல் போகும். 73 ஹெர்ட்ஸில் இருக்கும் டி தந்தியோ அந்த அளவுக்குத் தொல்லை தராது. இதை அறியாதவர், வாசித்தவரின் கை சீராக இல்லை என்று நினைத்து பேஸ் டிராக்கில் ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரெஸரை இறுக்குவார், அதற்கு மேல் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஈக்யூ, அதற்கும் மேல் இன்னொன்று என்று பிளகின்களை (மென்பொருளில் செருகும் துணைக் கருவிகளை) அடுக்குவார். வாசிப்பில் எந்தக் குறையும் இருந்திருக்காது. அறை செய்த கோளாறுக்குப் பாட்டு தண்டனை அனுபவிக்கும்.

முழங்கும் ஸ்வரத்தை ரூம் கரெக்ஷன் நன்றாகவே கையாளும். அந்த அதிர்வெண்ணைக் குறைத்து அனுப்பினால், அமரும் இடத்தில் முழக்கமும் அது நீடித்து ஒலிக்கும் நேரமும் சேர்ந்தே குறைகின்றன. காணாமல் போகும் ஸ்வரம் வேறு விஷயம். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஏற்படும் பள்ளம் அது. அங்கே ஈக்யூவை எவ்வளவு ஏற்றினாலும் நேரலையும் எதிரலையும் ஒரே அளவில்தான் கூடும். அழிவு அப்படியே தொடரும். 10 டெசிபெல் ஏற்ற வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு திறனைச் செலவிட வேண்டும். ஐந்து அங்குல ஸ்பீக்கருக்கு அது தாங்காது, ஒலி சிதையத் தொடங்கும். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் உள்ள ஒலியளவைக் காட்டும் அளவீட்டு வரைபடத்தில் தெரியும் பள்ளத்தை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசைதான் இந்தத் துறையில் அதிகம் பேர் செய்யும் தவறு என்பது என் கருத்து. ஏற்றுவதற்கு 3 அல்லது அதிகபட்சம் 6 டெசிபெல் என்று வரம்பு வைத்துக்கொண்டு, ஆழமான குறுகிய பள்ளங்களை விட்டுவிடுவதே சரி.

பள்ளத்துக்குத் தீர்வு மென்பொருளில் இல்லை, இடமாற்றத்தில் இருக்கிறது. நாற்காலியை ஓரடி முன்னே நகர்த்தினாலே வரைபடம் அடையாளம் தெரியாமல் மாறிவிடுவதைப் பார்க்கலாம். நீளவாக்கில் அறையின் நட்ட நடுவிலும், பின்சுவரை ஒட்டியும் அமர்வதைத் தவிர்த்து, முன்சுவரிலிருந்து நீளத்தில் சுமார் 38 சதவீதத் தூரத்தில் தொடங்கி, அங்கிருந்து சற்று முன்பின் நகர்த்திப் பார்ப்பது பலரும் பின்பற்றும் முறை. ஸ்பீக்கரின் முகப்பு பின்னாலுள்ள சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அந்தச் சுவரின் எதிரொலியால் சுமார் 143 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். ஒரு மீட்டர் என்றால் அது 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சிறிய அறையில் ஸ்பீக்கரைச் சுவருக்கு நெருக்கமாக வைத்துவிட்டு, அதனால் கூடும் பேஸை, அதாவது தாழ்ந்த அதிர்வெண்களை, மென்பொருளால் குறைப்பது பெரும்பாலும் நல்ல வழி, ஏனெனில் கூடியதைக் குறைப்பது எளிது, அழிந்ததை மீட்பது இயலாது. இரு ஸ்பீக்கர்களும் பக்கச் சுவர்களிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும், உயர் அதிர்வெண்களை ஒலிக்கும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அறையைப் பதப்படுத்தாமல் மென்பொருளை மட்டும் நம்புவதும், பதப்படுத்துவதாக எண்ணி முட்டை அட்டைகளையோ ஓரங்குல ஃபோமையோ சுவர் முழுக்க ஒட்டுவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல். ஓரங்குல ஃபோம் அதற்குப் பொருட்டே அல்ல. அது உயர் அதிர்வெண்களை மட்டும் உறிஞ்சிவிடுவதால் அறை மந்தமாகி, பேஸ் மட்டும் முழங்கிக்கொண்டிருக்கும். நான்கு முதல் ஆறு அங்குலத் தடிமனில் ராக்வுல் எனும் பாறைப் பஞ்சை அடைத்துத் துணி போர்த்திய சட்டங்களை மூலைகளிலும், ஸ்பீக்கர் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் பக்கச் சுவர்ப் பகுதிகளிலும் வைப்பதே உருப்படியான வழி. கைதட்டினால் கேட்கும் சலசலப்பான எதிரொலியை எந்தக் கரெக்ஷனும் போக்காது.

இவற்றுக்குப் பிறகுதான் அளவீடு. குரல் பதிவுக்கு வைத்திருக்கும் கண்டென்ஸர் மைக்கால் அளக்கக் கூடாது. அது ஒரு திசையிலிருந்து வருவதையே அதிகம் கேட்பது, அதற்கென்று தனி நிறமும் உடையது. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே சீராக ஒலியை வாங்கும் அளவீட்டு மைக் தேவை. மினிடிஎஸ்பியின் யுமிக்-1 போன்றவை யுஎஸ்பியிலேயே இணைபவை. அந்த மைக்கின் சீரியல் எண்ணுக்கு உரிய, அதன் சொந்தப் பிழைகளைச் சரிக்கட்டும் கேலிப்ரேஷன் ஃபைலை ஏற்றாமல் அளப்பது, முத்திரையில்லாத படிக்கல்லால் எடை போடுவதைப் போன்றது. மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, மிக்ஸ் செய்யும்போது கதவும் திரைச்சீலையும் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து அளக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளியில் எடுத்த அளவை நம்பக் கூடாது. தலை அசையும் பரப்பு முழுவதும் பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுப்பதே முறை. யமஹா எச்எஸ்5 போன்ற ஸ்பீக்கர்களின் பின்புறத்தில் பேஸைக் குறைக்கும் ரூம் கன்ட்ரோல், உயர் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஹை ட்ரிம் சுவிட்சுகள் உண்டு. அளந்த பிறகு அவற்றை மாற்றினால் அந்த அளவீடு பயனற்றது.

அளப்பதற்காக மென்பொருள் ஸ்பீக்கர் வழியே எழுப்பும் ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து மேலே ஏறிவரும்போது காதைக் கூர்மையாக வைத்துக்கொள்வது நல்லது. எங்கோ ஓரிடத்தில் இரும்பு பீரோவின் கைப்பிடியோ, ஜன்னல் கொக்கியோ, மேசை மேலிருக்கும் பேனா டப்பாவோ சட்டென்று உதறத் தொடங்கும். அந்த உதறல் பாட்டிலும் அதே ஸ்வரத்தில் வரும். கரெக்ஷன் அதைக் கண்டுகொள்ளாது. ஒரு துண்டுத் துணியைச் செருகி அதை அடக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

வரைபடம் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு நேர்கோடாக வந்தால்தான் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். தாழ்ந்த அதிர்வெண்களில் ஆட்சி செய்வது அறை. ஷ்ரோடர் அதிர்வெண் எனப்படும் எல்லைக்கு மேலே ஸ்பீக்கரின் சொந்த இயல்பே முதன்மை பெறுகிறது. எதிரொலி நேரம், அதாவது ஒலி நின்றபின் அறையில் அது அடங்க எடுக்கும் நேரம், அரை நொடியாக உள்ள, பத்தடி உயரப் பத்துக்குப் பத்து அறையில் இந்த எல்லை ஏறக்குறைய 266 ஹெர்ட்ஸில் வரும். அதற்குக் கீழே தயங்காமல் திருத்தலாம். மேலே கை வைக்கும்போது அகலமான, மென்மையான திருத்தங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நல்ல ஸ்பீக்கரை அறையில் வைத்து அளந்தால், மேல் அதிர்வெண்களை நோக்கிக் கோடு இயல்பாகவே சற்றுச் சரியும். அதை வலிந்து நிமிர்த்தினால் ஒலி கூர்மையாகிக் காதைக் குத்தும். அதைக் கேட்டு மிக்ஸ் செய்பவர் உயர் அதிர்வெண்களைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவார். அதுபோலவே, எச்எஸ்5-இன் ஒலி 54 ஹெர்ட்ஸில் ஏற்கனவே 10 டெசிபெல் இறங்கிவிடுகிறது. அதை 30 ஹெர்ட்ஸ் வரை இழுக்க முயல்வது ஸ்பீக்கரை வதைப்பதாகும்.

இனி, மிகப் பெரிய சேதத்தை விளைவிக்கும் தவறு. கரெக்ஷன் பிளகினை, எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் போட்டு வேலை செய்துவிட்டு, அதை அணைக்க மறந்து பாட்டை எக்ஸ்போர்ட் செய்வது, அதாவது இறுதி ஃபைலாக வெளியே எடுப்பது. உங்கள் அறைக்காக 56 ஹெர்ட்ஸில் 8 டெசிபெல் குறைத்திருந்தால், அந்தக் குறைப்பு பாட்டுக்குள்ளேயே ஏறிவிடும். காரிலும் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரிலும் கேட்பவர்களுக்குப் பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம்தான் இருக்கும். நினைவாற்றலை நம்பாமல் அமைப்பையே மாற்றிவிடுவது உத்தமம். ஒலிப்பதிவு மென்பொருள்களில், ரீப்பரில் மானிட்டரிங் எஃப்எக்ஸ் என்ற தனி இடமும், கியூபேஸ் ப்ரோவில் கன்ட்ரோல் ரூமும் இதற்காகவே இருக்கின்றன. அங்கே போடும் பிளகின் எக்ஸ்போர்ட்டில் சேராது. அப்படிப்பட்ட வசதி இல்லாத மென்பொருளில் வேலை செய்பவர்கள், கணினியின் ஒட்டுமொத்த ஒலிக்கும் கரெக்ஷன் தரும் செயலியைப் பயன்படுத்தலாம். அப்போது பிளகினையும் சேர்த்து இயக்கினால் ஒரே திருத்தம் இருமுறை விழும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கரெக்ஷனைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது ஒலியளவைச் சமன் செய்யாதவர்களும் ஏமாந்துபோகிறார்கள். சிக்னல் சிதையாமலிருக்க இந்த மென்பொருள்கள் மொத்த அளவைச் சில டெசிபெல் குறைத்தே அனுப்பும். எடுத்தவுடன் ஒலி கூடுவதால், கரெக்ஷன் இல்லாததே மேல் என்று காது தீர்ப்பளித்துவிடும். அளவைச் சமமாக்கிய பிறகும் ஓரிரு நாள் பழக்கமான பாடல்களைக் கேட்டுக் காதைப் பழக்காமல் மிக்ஸில் இறங்கக் கூடாது.

பதிவின்போது கரெக்ஷனை அணைத்துவிடலாம். எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு தாமதப்படுத்தும் லீனியர் ஃபேஸ் முறையில் இயங்கும்போது அது உண்டாக்கும் தாமதம், பாடுபவரின் ஹெட்ஃபோனில் அவர் குரல் பிந்தி ஒலிப்பதற்குப் போதுமானது; தாளம் தடுமாறும். மிக்ஸ் செய்யும் நேரத்தில் இந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல.

ஹெட்ஃபோனுக்கான கரெக்ஷனில் மாடல் பெயர் துல்லியமாகப் பொருந்த வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என மூன்று வகைகளில் வந்திருக்கிறது. ஒன்றுக்கான ப்ரொஃபைல், அதாவது திருத்த அளவுகளின் தொகுப்பு, இன்னொன்றுக்குச் சரிவராது. காதுறை நைந்துபோனாலோ, வேறு நிறுவனத்தின் உறையைப் போட்டாலோ, பேஸ் பகுதியின் அளவு கணிசமாக மாறிவிடும். ஸ்பீக்கரிலிருந்து ஹெட்ஃபோனுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ப்ரொஃபைலையும் மாற்ற வேண்டும். அறையின் ப்ரொஃபைல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்ஃபோனில் கேட்டால், அங்கே இல்லவே இல்லாத சுவர்களுக்கான திருத்தம் காதில் விழும்.