கரோன் கால்வாய்க் கரையில் மிதிவண்டிப் பயணம்

பிரான்சின் நாட்டுப்புறத்தில் வாகன இரைச்சலின்றி மிதிவண்டியில் பயணம் செய்ய விரும்புவோர், துலூஸ் நகரிலிருந்து வடமேற்கே காஸ்தெ-ஆன்-தோர்த் வரை ஏறத்தாழ 193 கிலோமீட்டர் நீளும் கரோன் கால்வாய்க் கரைப் பாதையை முதலில் தேர்ந்தெடுப்பது நல்லது. பெரிய ஏற்றங்கள் இல்லாத தார்ப்பாதை என்பதால், சுமைப் பைகளுடன் நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் செல்வது பெரும்பாலோருக்கு எளிது. ஆனால், பிளேன் மரங்களின் வேர்கள் தாரைப் பிளந்து மேலெழும் இடங்களில், குறிப்பாக இலைநிழல் திட்டுத்திட்டாக விழுந்து தரை சரியாகத் தெரியாதபோது, வேகத்தைக் குறைத்துக் கைப்பிடியை இறுகப் பற்றுங்கள்.

சிற்றூர்க் கடைகள் பல நண்பகலில் அடைக்கப்படுவதால், ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வழியிலுள்ள மொய்சாக் ஊர் மடாலயத்தின் தூண்கள் சூழ்ந்த முற்றத்தை அவசரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்புவது பெரிய இழப்பு. அஜான் நகரில், கரோன் ஆற்றின் மேலே கால்வாயையே கொண்டுசெல்லும், 23 வளைவுகள் தாங்கும் பாலத்தில், நடந்து வருவோருக்கு வழிவிடுங்கள்.

துலூஸிலிருந்து தென்கிழக்கே செல்லும் மிடி கால்வாய்க் கரையோ, லோரகே பகுதியைத் தாண்டியதும் பல இடங்களில் கரடுமுரடான மண்தடமாகிவிடுவதால், அதற்கு அகன்ற டயர்கள் தேவை.