வீட்டு மரத்தை வேகமாகக் காய வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தோட்டத்தில் நின்ற தேக்கையோ வேம்பையோ பலாவையோ வெட்டி, பக்கத்து அறுவை மில்லில் பலகையாக அறுத்து, அதிலேயே கதவும் கட்டிலும் செய்துகொள்ள நினைப்பவர்கள் நிறையப் பேர். மரவாடியில் வாங்குவதைவிடச் செலவு குறையும். நாம் வளர்த்த மரம் நம் வீட்டிலேயே இருக்கும் என்ற நிறைவும் உண்டு. சிக்கல் ஈரத்தில்தான். பச்சை மரத்தை நிழலில் அடுக்கி விட்டால் ஓர் அங்குலப் பலகை காயவே பல மாதம் ஆகும். இரண்டு அங்குலச் சட்டம் என்றால் மூன்று, நான்கு மடங்கு காலம் கேட்கும். அவ்வளவு பொறுக்க முடியாமல் பாலிகார்பனேட் ஷீட், பழைய டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் மெஷின்), ஃபேன், ஹீட்டர் என்று கையில் கிடைத்ததை வைத்து வீட்டிலேயே ஒரு உலர்ப்பு அறை கட்டுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அப்படிக் கட்டிய அறைகளில் மரம் கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வற்றல் காய வைப்பதுபோல, சூடு கூடக்கூட நல்லது என்று நினைத்துவிடுகிறோம்.

பச்சையாக இருக்கும்போதே சூடேற்றுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளியே 30 டிகிரி வெப்பம், காற்றில் 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை அறைக்குள் 45 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காற்றில் மரத்தின் மேல்தோல் 6 சதவீத ஈரத்தை நோக்கி ஓடும் (மரத்தின் ஈரத்தை எப்போதும் அதன் காய்ந்த எடையை வைத்தே சொல்கிறேன்). நடுப்பகுதியிலோ இன்னும் 60 சதவீதம் இருக்கும்.

மரத்தின் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. செல்களின் உள்ளே வெறுமனே நிற்பது ஒன்று. செல் சுவரோடு ஒட்டியிருப்பது இன்னொன்று. முதல் வகைத் தண்ணீர் போகும்போது மரம் சுருங்காது. ஈரம் சுமார் 28 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவரில் இருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. அவசரமாகச் சூடேற்றினால் தோல் மட்டும் அந்த எல்லையைத் தாண்டிச் சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் ஈர மரம் அதைச் சுருங்க விடாது. விளைவு, மேலே வெடிப்பு.

வெடிக்காமல் தப்பினாலும் கதை முடிவதில்லை. தோல் இழுபட்ட நிலையிலேயே இறுகிவிடும். பிறகு நடுப்பகுதி காய்ந்து சுருங்கும்போது இறுகிய தோல் விட்டுக்கொடுக்காது. உள்ளேயே கிழிசல் விழும். பலகை வெளியே பளிச்சென்று இருக்கும். ஆசாரி குறுக்கே அறுத்துப் பார்க்கும்போதுதான் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரியும். அந்த நிலைக்குப் போன பலகையை எதுவும் மீட்காது.

அதனால் ஆரம்பக் கட்டத்தில் ஹீட்டர் வேண்டாம். அறையின் காற்றுத் துளைகளை முக்கால்வாசி மூடி, ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். மரம் விடும் ஈரமே அறைக் காற்றை ஈரமாக வைத்து தோலைக் காப்பாற்றும். நடுப்பகுதியும் 25 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு துளைகளைத் திறந்து சூட்டைக் கூட்டலாம். 20-க்குக் கீழே தைரியமாகவே கூட்டலாம். வேகத்தை எடுக்க வேண்டிய இடம் அதுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வெடித்துவிடுமோ என்று பயந்து, ஃபேனும் இல்லாமல் இறுக மூடி வைத்துவிடுவார்கள். மாமரமும் ரப்பர் மரமும் இதில் சில நாளிலேயே நீலம் பாய்ந்துவிடும். பூஞ்சைக்கு வெதுவெதுப்பும் நிற்கும் காற்றும் போதும். மூடலாம், ஆனால் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுப்பது

வெயிலிலேயே சூடாகும், ஒளி புகும் கூரை போட்ட உலர்ப்பு அறைதான் சூரிய உலர்ப்பான். இணையத்தில் கிடைக்கும் அதன் வரைபடங்களில் பல வட அமெரிக்காவுக்காகப் போட்டவை. கூரை 45 டிகிரி வரை சாய்ந்திருக்கும், ஏனென்றால் அங்கே குளிர்காலச் சூரியன் தாழ்வாக நிற்கும். தமிழ்நாடு இருப்பது 8 முதல் 13.5 டிகிரி அட்சரேகைக்குள். இங்கே தெற்கு பார்த்த 10 - 15 டிகிரி சாய்வு போதும். மழைத் தண்ணீரும் வழிந்துவிடும்.

அதைவிட முக்கியமானது மரத்தின் அளவு. அந்த வரைபடங்களில் 10 சதுர அடி கூரைக்குச் சுமார் 8 கன அடி மரம் என்ற கணக்கு வரும். நம் வெயிலில், பெரிய கூரைக்குக் கீழே நாலு பலகையை மட்டும் வைத்தால் அறை அடுப்பாகிவிடும். பாதி காலியான அறைதான் ஆபத்து; நிறைந்த அறை தானாகவே நிதானமாக இருக்கும்.

இன்னொன்று, இரவில் அறை குளிர்ந்து வீணாகிறதே என்று ஹீட்டர் வைப்பது. இரவில் ஈரப்பதம் ஏறும்போது தோல் கொஞ்சம் ஈரத்தைத் திரும்ப வாங்கி, பகலில் ஏறிய இறுக்கம் தளர்கிறது. வீட்டில் கட்டிய சூரிய உலர்ப்பானிலும் நல்ல பலகை கிடைப்பதற்கு இந்த இரவு ஓய்வுதான் காரணம். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

அடுக்குவதில் அலட்சியம்

வளைந்து காய்ந்த பலகைக்கு இழைப்புளி பாதியைத் தின்றுவிடும். பலகைகளுக்கு நடுவே வைக்கும் ரீப்பர்கள் எல்லாம் ஒரே கனமாக, முக்கால் அங்குலம், இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு அடிக்கு ஒன்று, கீழிருந்து மேல் வரை ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். கோடு விலகினால் மேல் அடுக்கின் எடையே பலகையை வளைத்துவிடும். மேலே ஹாலோ பிளாக் ஏற்றி வையுங்கள். ரீப்பர் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பச்சை ரீப்பர் பலகையில் குறுக்குக் கறை விடும். இரும்புக் கம்பியை ரீப்பராகப் போடவே கூடாது, கருவேலம் போலத் துவர்ப்பு மிகுந்த ஈர மரத்தில் இரும்பு பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும்.

பலகையின் இரு முனைகளும் பக்கங்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஈரம் விடும். மில்லில் அறுத்த அன்றே முனைகளில் மெழுகோ கெட்டியான பெயின்ட்டோ பூசிவிடுங்கள். வெடிப்பு தெரிந்த பிறகு பூசினால் அது உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஃபேன் காற்று பலகைகளின் இடுக்கு வழியாகப் போக வேண்டும். அடுக்குக்கு மேலும் பக்கத்திலும் காலி இடம் இருந்தால் காற்று அந்தச் சுலபமான வழியைத்தான் தேடும். தார்ப்பாயோ ப்ளைவுட் துண்டோ வைத்து அடைத்துவிடுங்கள். அப்புறம், மாமரத்தையும் தேக்கையும், ஓர் அங்குலத்தையும் மூன்று அங்குலத்தையும் ஒரே தடவையில் போடாதீர்கள். மரங்களை உலர்த்துவதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1141 மரங்களை மூன்று வகையாகப் பிரித்திருப்பதே, ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகம்தான் தாங்கும் என்பதால்.

அளக்காமல் நடத்துவது

ஈரமானி ஊசி பலகையின் மேலே கால் அங்குலம்தான் இறங்கும். அது 14 காட்டும்போது நடுவில் 30 இருக்கலாம். 30-க்கு மேலே அந்த மீட்டர் காட்டும் எண்ணை நம்பவும் முடியாது. எடைதான் பொய் சொல்லாது.

பலகையின் முனையிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி பலகையின் முழு அகலத்துக்கும் குறுக்காக ஓர் அங்குலத் துண்டு ஒன்றை அறுத்து, சமையலறைத் தராசில் உடனே நிறுங்கள். 185 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மின்சார ஓவனில் 103 டிகிரி அளவில், எடை மேலும் குறையாத வரை காய விடுங்கள். 140 கிராமில் நின்றால், குறைந்த 45-ஐ 140-ஆல் வகுக்க வேண்டும். ஈரம் 32 சதவீதம். ஈர எடையால் வகுத்து 24 என்று எடுத்துக்கொண்டு சூட்டைக் கூட்டுபவர்கள் உண்டு. பலகை வெடிக்கும்போதுகூட அவர்களுக்குக் காரணம் புரியாது.

டிஹியூமிடிஃபையர் வைத்திருந்தால் வாளியில் சேரும் தண்ணீரைத் தினமும் எழுதி வையுங்கள். 10 கன அடி தேக்கு 60 சதவீதத்திலிருந்து 12-க்கு வர ஏறத்தாழ 75 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். எவ்வளவு மிச்சம் என்பது இதிலிருந்தே தெரியும். வீட்டு உபயோக மெஷின்கள் பெரும்பாலும் 35 டிகிரி வரைதான் வேலை செய்யும். ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் மெஷின் நின்றுவிடும், காயும் வேகம் குறையத்தான் செய்யும்.

எதுவரை காய வைப்பது? குளிர்நாட்டுப் புத்தகங்களில் 6 முதல் 8 சதவீதம் என்று இருக்கும். அது குளிர்காலத்தில் சூடேற்றிய வீடுகளுக்கு. சென்னை போன்ற கடற்கரை ஊரில் 12 சதவீதத்தை ஒட்டி நிறுத்துங்கள், ஏசி அறைச் சாமான் என்றால் 10. 6-க்குக் கொண்டுபோய்ச் செய்த ஓர் அடி அகலத் தேக்குப் பலகை, ஐப்பசி மழையில் 14-க்கு ஏறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விரியும். கதவு நிலையில் இறுகிப் பிடிக்கும்.

தீயும் பூச்சியும்

மரத்தூளும், சூடு வெளியேறாமல் இருக்க ஒட்டிய தெர்மோகோலும் உள்ள அறைக்குள் கரி அடுப்போ கேஸ் பர்னரோ குண்டு பல்பு வரிசையோ வைக்கவே வைக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. சாதாரண டேபிள் ஃபேனின் மோட்டாரும் இந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல. மோட்டார் அறைக்கு வெளியே நிற்கும்படி அமையுங்கள்.

காய்ந்தால் உளுக்காது என்பதும் தப்பு. மாமரத்திலும் ரப்பரிலும், வைரம் இல்லாத வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது. காய்ந்த மரத்தையும் அது விடாது. நடுப்பகுதி 56 டிகிரியில் அரை மணி நேரமாவது இருந்தால்தான் உள்ளே இருக்கும் புழு சாகும். பெரும்பாலான வீட்டு அறைகள் அந்தச் சூட்டை எட்டுவதில்லை, அதனால் அறுத்தவுடன் போராக்ஸ் - போரிக் ஆசிட் கரைசலில் ஊற வைத்து, பிறகு அடுக்குவதே சரி.

மரத்தை வெளியே எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பலகையின் குறுக்கே ஒரு வில்லை அறுத்து, நடுவை எடுத்துவிட்டு, கவட்டை மாதிரி இரண்டு கால் மட்டும் நிற்க வையுங்கள். கால்கள் நேராக நின்றால் பலகை தயார். இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று தொட்டால் தோல் இறுகியிருக்கிறது. அதை அப்படியே நீளவாக்கில் அறுத்தால் ரம்பத்தைக் கவ்வும், பலகையும் கோணும். அறையை மூடி, சூட்டை விடாமல், உள்ளே தண்ணீரைப் புகைபோலத் தெளித்து ஒரு நாள் வைத்துவிட்டு, இன்னொரு வில்லை அறுத்துப் பாருங்கள்.