கம்பியை வெட்டும் முன்னால் கணக்குப் போடுங்கள்

சிமெண்டை மழையில் நனைய விடாதீர்கள், செங்கல்லைத் தூக்கி வீசாதீர்கள் என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. சேலத்தில் புதிதாக சைட், அதாவது கட்டட வேலை, பார்க்க வரும் பிள்ளைகள் பொருளை வீணாக்கித் தடுக்கி விழுவது வேறு இடங்களில்.

அன்றன்றைக்குக் கம்பி வெட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கன்னங்குறிச்சியில் ஒரு வீடு. லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் விட்டம்) மட்டத்தில் வேலை. சன்ஷேடுக்கு, அதாவது ஜன்னல் மேல் வெளியே நீட்டியிருக்கும் பலகைக்கு, 3 அடி 9 அங்குலத்தில் 60 துண்டு வேண்டும். புது 8 எம்எம் கம்பி ஆறை எடுத்து வெட்டிவிட்டார்கள். அடுத்து ரூஃப் சிலாப், அதாவது கான்கிரீட் கூரை. அதே 8 எம்எம், 14 அடி நீளம், 40 கம்பி. 39 அடி 4 அங்குல முழுக் கம்பி ஒன்றில் இரண்டு வெட்டியது போக 11 அடி 4 அங்குலம் மிச்சம். அப்படி 20 துண்டு சுவரோரம் கிடந்தது.

“என்னப்பா இது?” என்றேன்.

“சன்ஷேடு அப்பவே முடிஞ்சிருச்சே சார்.”

அந்த 20 துண்டிலும் மூன்று மூன்றாக வெட்டியிருந்தால் சன்ஷேடின் 60-ம் வந்திருக்கும். ஆறு முழுக் கம்பி, 28 கிலோ, வாங்கியே இருக்க வேண்டாம். இப்போது துண்டுகள் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

லிண்டல் வேலை தொடங்கும்போதே சிலாப் கம்பியின் பட்டியலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமானதை முதலில் வெட்டுங்கள், மிச்சத்தில் சின்னது. வெட்டிய சிலாப் கம்பியைக் கட்டை மேல் அடுக்கி மூடி வைத்தால் போதும்.

இன்னொன்று. 40 அடிக் கம்பி என்பது பேச்சுக்குத்தான். 12 மீட்டர் என்றால் 39 அடி 4 அங்குலம். 10 அடியாக நாலு வெட்டினால் நாலாவது 8 அங்குலம் குறையும். பட்டியலை மீட்டரிலேயே போடுங்கள்.

ஏற்காட்டில் சிமெண்ட்

20 கொண்டை ஊசி வளைவு ஏறும் லாரி வாடகையை நினைத்து மொத்தமாக இறக்கிவிடுகிறார்கள். அந்தப் பனிமூட்டத்தில் மூட்டை ஓரமெல்லாம் கட்டி தட்டிவிடும். இரண்டு மூன்று வார வேலைக்கு மட்டும் ஏற்றுங்கள். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல். முதலில் வந்ததை முதலில் எடுங்கள்.

கலவை

சிமெண்ட் கலவையை அரை மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும் குழையுங்கள்.

டைல்ஸ்

பூச்சு முடிந்த பிறகு அளந்து வாங்குங்கள். பிளானில் 10 அடி என்று இருக்கும் அறை, பூசிய பின் 10 அடி இருக்காது.