குளத்துக்குச் சொந்த மண் கரை இருக்கிறதா? பராமரிப்பை இப்படித் தொடங்குங்கள்

மீன் பிடிக்கவும் படகு விடவும் சொந்த நிலத்தில் தேக்கி வைத்த தண்ணீர், பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பரப்பு 1 ஹெக்டேர், சராசரி ஆழம் 2 மீட்டர் என்றால் 20,000 கன மீட்டர். எடை 20,000 டன். அதைத் தாங்கி நிற்பது வெறும் மண்.

அதனால் முதலில் கரைக்குக் கீழ்ப்புறம் இறங்கி நடந்து போங்கள். உடைந்தால் தண்ணீர் எந்த வழியாகப் பாயும், அந்த வழியில் வீடு, சாலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கரை எவ்வளவு சின்னதானாலும் அணை வேலை தெரிந்த பொறியாளர் ஒருவரை வரவழைத்து ஒரு தடவை முழுசாகச் சோதித்துவிட வேண்டும். உங்கள் பகுதியின் சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் அவரிடமே விசாரித்துக்கொள்ளலாம். மற்றபடி, நீங்களே செய்யக்கூடிய வேலைகள் இவை.

1. நடந்து பாருங்கள், எழுதி வையுங்கள்

மாதம் ஒரு முறை, பெருமழை பெய்தால் உடனே ஒரு முறை. எப்போதும் ஒரே வரிசையில் போங்கள்: கரையின் உச்சி, தண்ணீர்ப் பக்கச் சரிவு, வெளிச்சரிவு, கரையடி, கடைசியில் மிகை நீர் வழிந்தோடும் கலிங்கலும், தண்ணீரைத் திறந்துவிடும் மதகும். வெளிச்சரிவில் நேர்கோட்டில் நடக்காமல் வளைந்து வளைந்து நடந்தால்தான் புல்லுக்குள் மறைந்திருக்கும் ஈரம் காலில் தட்டுப்படும்.

உச்சியின் ஒரு முனையில் குனிந்து மறுமுனையைப் பாருங்கள். பலகை கோணலா என்று தச்சர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாரே, அதே மாதிரி. எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் வெள்ளம் முதலில் வழியும். மண் கரை மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டே போகும்.

முதல் நாள் எல்லாம் வெறும் புல்லும் மண்ணுமாகத்தான் தெரியும். அதற்குத்தான் நோட்டு. தேதி, நீர்மட்டம், மழை பெய்ததா, ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள். நாலைந்து மாதம் போனால் எது புதுசு என்று கண் தானாகவே பிடித்துவிடும்.

2. கசிவு

நேரம் கொஞ்சமே இருந்தால் இதை மட்டுமாவது ஒழுங்காகச் செய்யுங்கள். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அளவு கூடுகிறதா, நிறம் மாறுகிறதா என்பதுதான் விஷயம்.

கசிவு சேரும் இடத்தில் சின்னக் குழாய் ஒன்றை வைத்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 40 நொடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். குளத்தின் நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறினால் கசிவும் கூடுவது இயல்பு. மட்டம் அப்படியே இருக்கக் கசிவு மட்டும் கூடினால் இயல்பில்லை.

அப்புறம், கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். ஒரு முறை எனக்கு வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த நீர், காலையில் பாட்டிலின் அடியில் மெல்லிய வண்டல் படலம் விட்டிருந்தது. அதற்கு அர்த்தம், கரையின் உள்ளிருந்து மண் வெளியே வருகிறது. இப்படி உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போய்க் குழாய் மாதிரி ஓர் ஓட்டை விழுந்துவிட்டால் கரை சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட்டேன்.

பயத்தில் களிமண்ணோ சிமெண்டோ போட்டு வெளிப்பக்கம் அடைக்கப் போகாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி வேறோர் இடத்தில் பீறிடும். தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும்படி மணலும் அதன் மேல் சரளையும் அடுக்குவதுதான் முறை. எந்த அளவு மணல் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

3. மரமும் வளையும்

கரையில் நிழல் மரம் அழகுதான். ஆனால் கூடாது. காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு துண்டும் போய்விடும். பட்டுப்போனால் வேர் மக்கிய இடம் தண்ணீருக்கு வழி. செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். கரையடியிலிருந்து 7, 8 மீட்டர் வரைக்கும் மரம் வேண்டாம். ஏற்கெனவே பெருத்துவிட்ட மரத்தை நீங்களாக வெட்ட வேண்டாம், வேரை என்ன செய்வது என்பது தனி வேலை. புல் மட்டும் இருக்கட்டும், அதுவும் குட்டையாக. எலி வளை, நண்டு வளை கண்டால் தோண்டி, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து நிரப்புங்கள்.

வெடிப்பு கண்டால் இரண்டு முனையிலும் முளைக்குச்சி அடித்து, அகலத்தை அளந்து வையுங்கள். கரைக்குக் குறுக்கே போகும் வெடிப்பும், பிறை போல வளைந்து கீழே மண் புடைத்திருக்கும் வெடிப்பும் காத்திருக்காது.

4. கலிங்கலில் கை வைக்காதீர்கள்

1889 மே 31 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உடைந்த சவுத் ஃபோர்க் அணையும் ஒரு மீன்பிடி, வேட்டைக் கழகத்தின் பொழுதுபோக்கு ஏரிக்கான மண் அணைதான். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கலில் வலைக்கம்பி போட்டிருந்தார்கள். வண்டி போக வசதியாக உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். அடியில் இருந்த வெளியேற்றக் குழாய்களைக் கழகம் வாங்குவதற்கு முன்பே கழற்றி விற்றிருந்தார்கள், கழகமும் திரும்பப் பொருத்தவில்லை. கீழே ஜான்ஸ்டவுன் நகரம். இறந்தவர்கள் 2,209 பேர்.

எல்லாமே சின்னச் சின்ன வசதிக்காகச் செய்தவை. அதனால் கலிங்கலில் வலை, பலகை, மணல் மூட்டை எதுவும் வேண்டாம். "இன்னும் அரை அடி நின்றால் படகுக்கு நன்றாக இருக்குமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள்.

5. மதகைத் திறந்து பழகுங்கள்

வருடத்துக்கு ஒரு முறையாவது முழுசாகத் திறந்து மூடுங்கள். துருப்பிடித்த வால்வு, தேவைப்படும் இரவில்தான் இறுகிக்கொள்ளும். குளத்தை வடிக்கும்போது நாளுக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். தண்ணீர் சட்டென்று விலகினால், ஈரம் குடித்துக் கனத்த உட்சரிவு தாங்கலின்றிச் சரியும். கரை உடையும் நிலை வந்துவிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது.

6. ஒரு தாள்

கலங்கலான கசிவு, புதிய சரிவு, உச்சியை நெருங்கும் நீர். இதில் எதைக் கண்டாலும் முதல் போன் கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு, அடுத்தது அவசர உதவி எண், அதன் பிறகு பொறியாளர். எண்களை எழுதி மதகுச் சாவி மாட்டியிருக்கும் ஆணியிலேயே மாட்டிவிடுங்கள், போனில் மட்டும் வைக்காதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அந்தத் தாளை யார் எடுப்பார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.